மின்மடல் மாயமாவதில்லை

மின்னஞ்சல் ஒன்று வந்து சேரவில்லை என்ற புகார் எழும்போது அலுவலகங்களிலும் கல்வி நிறுவனங்களிலும் சொல்லப்படும் பதில் எங்கும் ஏறத்தாழ ஒரே வடிவில் இருக்கிறது. ஸ்பேம் பெட்டியைப் பார்க்கச் சொல்வார்கள். அங்கும் இல்லையென்றால் சர்வர் விழுங்கிவிட்டது என்பார்கள். மறுபடி அனுப்பச் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். மின்மடல் தடமின்றி மறையக்கூடியது, அதைத் தேடுவது வீண்வேலை, சொந்தமாக ஒரு யுனிக்ஸ் சர்வரை வைத்துக்கொண்டு அல்லல்படுவதைவிட எல்லாவற்றையும் ஒரு பெருநிறுவனத்திடம் ஒப்படைத்துவிடுவதே மேல் என்னும் கருத்து இந்தப் பதிலுக்குள் அடங்கியிருக்கிறது. கணினி அறிந்தவர்களும் இதையே சற்று நாகரிகமான சொற்களில் சொல்லிவருவதால் இதை மறுத்தாக வேண்டியிருக்கிறது. இதன் முதற்கூற்று உண்மையல்ல; அதன் மேல் எழுப்பப்பட்ட மற்றவை பாதி உண்மைகள்.

இக்கேள்வியைக் காரைக்காலில் வைத்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இம்மாவட்டம், நிலப்புறத்தில் தமிழ்நாட்டு மாவட்டங்களால் சூழப்பட்டு, தன் ஆட்சித் தலைமையிடமான புதுச்சேரியிலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தள்ளிக் கிடப்பதால், நேரில் போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாத பலவற்றுக்கு எழுத்துத் தொடர்பையே நம்பியிருக்கிறது. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் பிரெஞ்சுக்காரரிடமிருந்து இந்தியாவின் கைக்கு வந்து, 1962-இல் அது சட்டப்படி நிறைவேறியபின், பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் இங்கு உண்டு. அக்குடும்பங்களில் பிரான்சின் ஓய்வூதியம் பெறுவோர், தாம் உயிருடன் இருப்பதற்கான சான்றை ஆண்டுதோறும் அந்நாட்டுக்கு அனுப்பவேண்டியிருக்கிறது. ஆகவே ஒரே குடும்பத்தின் மின்னஞ்சல் பெட்டிக்குள் தமிழும் பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்து வருவது இவ்வூரில் வியப்புக்குரியதன்று. ஆங்கிலம் மட்டுமே வரும் பெட்டிகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட வடிகட்டிகள், அதாவது வேண்டாத மடலைப் பிரித்தெடுக்கும் நிரல்கள், இத்தகைய பெட்டியில் எப்படி நடந்துகொள்கின்றன என்பது பின்னால் வரும்.

முதலில், மடல் தடமின்றி மறையும் என்ற கூற்று. இணையத்தில் மடல்களைக் கைமாற்றும் விதிமுறைக்கு எஸ்.எம்.டி.பி. என்று பெயர். 1982-இல் ஜான் போஸ்டல் தொகுத்து வெளியிட்ட இவ்விதிமுறையின் திருத்தப்பட்ட 2008-ஆம் ஆண்டுப் பதிப்பு, மடலைப் பெறும் கணினிக்கு ஒரு கடமையை ஐயத்துக்கு இடமின்றி விதிக்கிறது: மடல் முழுவதையும் வாங்கிக்கொண்டு 250 என்னும் ஏற்பு எண்ணைச் சொல்லிவிட்டால், அம்மடலை உரியவரிடம் சேர்ப்பதோ, சேர்க்க இயலவில்லை என்று அனுப்பியவருக்குத் தெரிவிப்பதோ அக்கணினியின் பொறுப்பாகும், கணினி திடீரென நின்றுபோனது போன்ற அற்பக் காரணங்களால் மடலைத் தொலைத்துவிடக் கூடாது. பதிவுத் தபாலைக் கையெழுத்திட்டு வாங்கிய அஞ்சலகத்தின் நிலை இதுதான். கையெழுத்திட்டபின் கடிதம் வரவேயில்லை என்று அது சொல்ல இயலாது. தீங்கான மடல் என்பது உறுதியாகத் தெரிந்தால் ஓசையின்றிக் கைவிடலாம் என்ற விலக்கொன்றையும் அவ்விதிமுறை அளிக்கிறது என்பது உண்மையே. ஆனால் அந்த விலக்கைப் பயன்படுத்த ஒரு மனிதர் விதி எழுதியாக வேண்டும்; அது தானாக நிகழ்வதன்று.

யுனிக்ஸ் கணினிகளில் இக்கைமாற்றத்தை நடத்தும் நிரல்கள் சில உண்டு. எரிக் ஆல்மன் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எழுதிய சென்ட்மெயில், பிலிப் ஹேசல் கேம்பிரிட்ஜில் 1995-இல் எழுதிய எக்ஸிம், வீட்சே வெனிமா ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்தபோது எழுதி 1998-இல் வெளியிட்ட போஸ்ட்ஃபிக்ஸ் ஆகியவை பரவலாக அறியப்பட்டவை. இவை எல்லாமே தாம் செய்யும் ஒவ்வொரு செயலையும் லாக் எனப்படும் பதிவேட்டுக் கோப்பில் எழுதுகின்றன. போஸ்ட்ஃபிக்ஸ் எழுதும் ஒரு வரியை எடுத்துக்கொண்டால், நாளும் நேரமும் முதலில் நிற்கும். அடுத்துக் கணினியின் பெயரும் நிரலின் பெயரும். அதன்பின் வரிசை அடையாளம் எனப்படும், எண்ணும் எழுத்தும் கலந்த ஒரு கோவை. பிறகு மடல் யாருக்கு, எந்தக் கணினியிடம் ஒப்படைக்கப்பட்டது, எத்தனை நொடி தாமதமானது என்னும் விவரங்கள். கடைசியில் புள்ளியிட்டுப் பிரித்த மூன்று எண்களும் நிலைமையைக் கூறும் ஒரு சொல்லும். அம்மூன்று எண்களில் முதலாவது 2 என்றால் மடல் ஒப்படைக்கப்பட்டது. 4 என்றால் தற்காலிகத் தடை, மறுபடி முயலப்படும். 5 என்றால் திட்டவட்டமான மறுப்பு. 5.1.1 என்றால் அப்பெயரில் ஆளில்லை, 5.2.2 என்றால் பெட்டி நிரம்பிவிட்டது, 5.7.1 என்றால் பெறும் நிறுவனத்தின் கொள்கை அனுமதிக்கவில்லை. வரிசை அடையாளத்தை க்ரெப் என்னும் தேடல் கட்டளையிடம் கொடுத்தால், அம்மடல் வாசலில் நுழைந்த நொடி முதல் வெளியேறிய நொடி வரையிலான எல்லா வரிகளும் அடுத்தடுத்து வந்து நிற்கும். வாசலிலேயே திருப்பியனுப்பப்பட்ட மடலுக்கும், வரிசையில் சேரவில்லை என்ற குறிப்போடு, அனுப்பிய கணினியின் எண்முகவரி உட்பட ஒரு வரி இருக்கும். இத்தனை இருந்தும் மடல் மாயமாகிவிட்டது என்று சொல்லப்படுமானால், பதிவேட்டை யாரும் திறந்து பார்க்கவில்லை என்பதே அதன் பொருள்.

கடலோரத்து ஊரில் சர்வர் வைப்பது ஆபத்து, புயலில் மின்சாரம் போனால் மடலெல்லாம் போய்விடும் என்றொரு வாதம் அடிக்கடி எழுகிறது. 2008 நவம்பர் 27 அன்று நிஷா புயல் காரைக்கால் அருகே கரையைக் கடந்தது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறி, டெல்டாவின் பல ஊர்களை நாள்கணக்கில் இருளில் ஆழ்த்தியது. அச்சத்துக்கு அடிப்படை இருக்கிறது, முடிவுதான் தவறு. பெறும் கணினி பதில் சொல்லாதபோது அனுப்பும் கணினி மடலைத் தன் வரிசையில் வைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் முயலவேண்டும் என்பதும், கைவிடுவதற்குமுன் குறைந்தது நான்கைந்து நாள்கள் காத்திருக்கவேண்டும் என்பதும் அதே விதிமுறையில் உள்ளவை. போஸ்ட்ஃபிக்ஸிலும் சென்ட்மெயிலிலும் எவரும் மாற்றாத நிலையில் அக்காலம் ஐந்து நாள். மூன்றாம் நாள் மின்சாரம் திரும்பினால் அந்த மூன்று நாள் மடல்களும் வந்து சேரும். ஆறாம் நாள் வந்தாலும் அவை தொலைவதில்லை. ஐந்து நாள் கடந்தவை, சேர்க்க இயலவில்லை என்ற அறிவிப்போடு அனுப்பியவர்களிடமே திரும்பியிருக்கும். புயலால் இணைப்பு அறுந்த ஓர் ஊருக்கு இதைவிடப் பொறுமையான ஏற்பாட்டை வேறெந்தத் தகவல் தொழில்நுட்பமும் வைத்திருப்பதாகத் தெரியவில்லை.

அப்படியானால் உண்மையிலேயே காணாமற்போகும் மடல்கள் எங்கே போகின்றன என்ற கேள்வி எஞ்சுகிறது. விடை பெரும்பாலும் வடிகட்டியில் இருக்கிறது. அவ்விடத்தில்தான் பொதுக்கருத்து பாதி உண்மையைத் தொடுகிறது. பழைய யுனிக்ஸ் நிறுவல்களில் இன்னும் இயங்கும் புரோக்மெயில், 1990-இல் ஸ்டீஃபன் வான் டென் பெர்க் எழுதியது. ஒவ்வொரு பயனரும் தம் இல்லக் கோப்புறையில் வைக்கும் ஒரு விதிக்கோப்பை மேலிருந்து கீழாகப் படித்து, பொருந்தும் முதல் விதிப்படி மடலைச் சேர்க்கும். போஸ்ட்ஃபிக்ஸ் மடலைப் புரோக்மெயிலிடம் கொடுத்தவுடன் தன் பதிவேட்டில் ‘அனுப்பப்பட்டது’ என்று எழுதி முடித்துவிடும். அதன்பின் நடப்பதற்கு அது பொறுப்பன்று. விதியின் கடைசி வரியில் டெவ்-நல் என்னும், யுனிக்ஸில் எதைப் போட்டாலும் ஒன்றும் மிஞ்சாத கோப்பின் பெயர் இருந்தால், மடல் அங்கே அழிகிறது. புரோக்மெயில் தன் செயல்களைக் கோப்பில் எழுதவேண்டுமானால், அக்கோப்பின் பெயரை விதிக்கோப்பின் தலையில் ஒரு வரியாகத் தரவேண்டும். தராவிட்டால் அது எதையும் எழுதாது. தடம் அற்றுப்போவது இந்த ஓரிடத்தில்தான். அங்கேயும் அழிக்கச் சொன்னவர் ஒரு மனிதர், எழுதச் சொல்லாதவரும் அவரே.

இதைவிட நுட்பமான பிழைகளும் அக்கோப்பில் நேர்வதுண்டு. விதியின் முதல்வரி :0 என்று தொடங்கும். மடலைப் பொதுக்கோப்பொன்றில் சேர்க்கும் விதியானால் அது :0: என்று இரண்டாவது முக்காற்புள்ளியோடு இருக்கவேண்டும். அப்புள்ளி, ஒரு மடல் எழுதப்படும்போது இன்னொன்று குறுக்கிடாதபடி கோப்பைப் பூட்டுகிறது. அது விடுபட்டால், ஒரே நேரத்தில் வந்த இரண்டு மடல்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து இரண்டுமே படிக்க முடியாமற்போகலாம். விதிக்கோப்பைப் பிறரும் திருத்தும்படி அனுமதிகளைத் தளர்த்திவிட்டால், புரோக்மெயில் அதைச் சந்தேகத்துக்குரியதாகக் கருதி ஒதுக்கிவிடும். வடிகட்டி திடீரென வேலை செய்யவில்லை என்ற புகார்களில் சில இந்த அனுமதிக் கோளாறிலேயே முடிகின்றன. இத்தனையும் கண்டறியக்கூடியவை, சில நிமிடங்களில் திருத்தக்கூடியவை. மர்மம் என்று சொல்லத்தக்கது இவற்றில் எதுவுமில்லை.

மொழி இங்கேதான் குறுக்கிடுகிறது. மின்மடலின் தலைப்பகுதி, ஆங்கில எழுத்துகளை மட்டுமே ஏற்கும்படி தொடக்கத்தில் வகுக்கப்பட்டது. ஆகவே தமிழ்த் தலைப்புகள் குறிமாற்றம் செய்யப்பட்டே பயணம் செய்கின்றன: ஒரு சமக்குறி, ஒரு வினாக்குறி, எழுத்துமுறையின் பெயர், பேஸ்-64 என்னும் குறிமாற்ற முறையைச் சுட்டும் ‘பி’ என்னும் எழுத்து, அதன்பின் பொருளற்றதுபோல் தோன்றும் ஆங்கில எழுத்துகளின் கோவை. யுனிகோடின் யு.டி.எஃப்.-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க்குறியும் மூன்று பைட் இடம் கொள்வதாலும், பேஸ்-64 மூன்று பைட்டை நான்கு எழுத்தாக மாற்றுவதாலும், தமிழ்ச் சொல்லில் தொடங்கும் எந்தத் தலைப்பும் குறிமாற்றத்துக்குப்பின் 4, கே, 6 என்ற ஒரே வரிசையில் தொடங்குவதை எவரும் மடலின் மூலவடிவத்தைத் திறந்து சரிபார்க்கலாம். புரோக்மெயில் இக்குறிமாற்றத்தை அவிழ்த்துப் படிப்பதில்லை. ‘விண்ணப்பம்’ என்ற சொல் தலைப்பில் வந்தால் தனிப்பெட்டியில் இடு என்று விதி எழுதினால், அவ்விதி ஒருநாளும் பொருந்தாது. மறுபுறம், 2000-களின் தொடக்கத்தில் சீன, கொரிய மொழி ஸ்பேமைத் தவிர்க்க ஆங்கில உலகில் பரவிய, குறிமாற்றம் பெற்ற தலைப்புகளை ஒட்டுமொத்தமாக ஒதுக்கும் விதிகளைப் படியெடுத்து வைத்திருப்பவர், தமிழையும் உச்சரிப்புக்குறியிட்ட பிரெஞ்சையும் சேர்த்தே ஒதுக்கிவிடக்கூடும். ஓய்வூதியச் சான்று கேட்டு பிரான்சிலிருந்து வரும் மடல் இத்தகைய விதியில் மாட்டினால், அதைச் சர்வர் விழுங்கிவிட்டது என்று சொல்வது யாருடைய குற்றத்தை யார்மீது சுமத்துவது?

ஸ்பேமுக்கு மதிப்பெண் இடும் ஸ்பேம்அசாசின் நிரலும் இந்தச் சாய்வுக்கு விலக்கன்று. 2001-இல் ஜஸ்டின் மேசன் தொடங்கிய அந்நிரல், நூற்றுக்கணக்கான சோதனைகளின் மதிப்பெண்களைக் கூட்டி, கூட்டுத்தொகை வழக்கமான எல்லையாகிய 5-ஐத் தொட்டால் மடலை ஸ்பேம் என்று குறிக்கிறது. அச்சோதனைகளில் ஒன்று, மடலின் உரை பேஸ்-64-இல் மறைக்கப்பட்டிருக்கிறதா என்பது. ஆங்கிலம் எழுதுபவருக்கு அம்முறை தேவையில்லை. ஆகவே அதைப் பயன்படுத்துபவர் எதையோ ஒளிக்கிறார் என்பது அச்சோதனையின் ஊகம். தமிழ் எழுதுபவருக்கோ அதுவே சிக்கனமான முறை, ஏனெனில் மாற்று முறையில் ஒவ்வொரு தமிழ்க்குறியும் ஒன்பது எழுத்தாக வீங்கும். சொற்களின் நிகழ்தகவைக் கொண்டு கற்கும் பேய்சியன் பகுதியும், நல்ல மடல் 200, ஸ்பேம் 200 கற்பிக்கப்பட்ட பிறகே இயங்கத் தொடங்கும். கற்பித்தவர் ஆங்கில மடல்களை மட்டுமே நல்லவை என்று காட்டியிருந்தால், தமிழ்ச் சொற்களின் நன்மைக்கு அதனிடம் சான்று எதுவும் இராது. 2022 டிசம்பரில் வந்த 4.0 பதிப்பு யுனிகோடைக் கையாள்வதில் பெரிதும் திருந்தியது. பழைய பதிப்பிலேயே ஓடும் சர்வர்களுக்கு அத்திருத்தத்தால் பயனில்லை.

வடிகட்டி எவ்வளவு கண்டிப்பாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று நம்புவோர் 2010 ஜனவரி 1 அன்று நடந்ததை அறிந்திருப்பது நல்லது. தேதி வெகு எதிர்காலத்தில் இருக்கும் மடலுக்குத் தண்டனை மதிப்பெண் இடும் ஸ்பேம்அசாசின் விதியொன்றில், எதிர்காலம் என்பது 2010-இல் தொடங்குவதாக எழுதப்பட்டிருந்தது. புத்தாண்டு பிறந்ததும் அன்று அனுப்பப்பட்டு அவ்விதியின் சோதனைக்கு உள்ளான ஒவ்வொரு மடலும் எதிர்காலத்திலிருந்து வந்ததாகக் கருதப்பட்டு மூன்றுக்கு மேற்பட்ட மதிப்பெண்ணைச் சுமந்தது. பிழை உடனே திருத்தப்பட்டது. மதிப்பெண் மிகுந்த மடலைத் தனிப்பெட்டியில் ஒதுக்கிவைத்தவர்கள் அவற்றை மீட்டுக்கொண்டார்கள். டெவ்-நல்லில் எறிந்தவர்களுக்கு மீட்க எதுவுமில்லை.

எதிர்வாதத்தின் வலுவான பகுதி, சொந்தச் சர்வர் நடத்துவது இன்று கடினம் என்பது. அது மெய். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில், தன் பயனர்களுக்கு நாளொன்றுக்கு 5000 மடலுக்கு மேல் அனுப்புவோரிடம் அனுப்புநரை மெய்ப்பிக்கும் எஸ்.பி.எஃப்., டி.கிம், டிமார்க் ஆகிய மூன்று சான்றுகளையும் கேட்கிறது. சிறிய அனுப்புநரும் முதலிரண்டில் ஒன்றையாவது வைத்திருக்கவேண்டும். ஒரே எழுத்தர் உள்ள பள்ளிக்கூடமோ கோயில் அறக்கட்டளையோ இதையெல்லாம் தலையில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. மேகக்கணியில் கணக்கு வாங்கிக்கொள்வதே அதற்குத் தகும். ஆனால் ஒப்படைத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்ற முடிவு அங்கிருந்து பிறக்காது. எஸ்.பி.எஃப். என்பது, ஒரு நிறுவனத்தின் பெயரில் மடல் அனுப்ப எந்தக் கணினிகளுக்கு உரிமை உண்டு என்று அந்நிறுவனமே டொமைன் பதிவில் எழுதிவைக்கும் பட்டியல். சர்வர் எவருடையதானாலும் அப்பட்டியலை எழுதுபவர் நிறுவனத்தின் ஆளே. அலுவலக முகவரிக்கு வரும் மடலைத் தம் ஜிமெயிலுக்குத் தானாகத் திருப்பிவிடும் ஏற்பாட்டை வைத்திருப்பவர் காரைக்காலிலும் ஏராளம். அவ்வாறு திருப்பும்போது மடல் அலுவலகச் சர்வரின் எண்முகவரியிலிருந்து போகிறது, மூல அனுப்புநரின் பட்டியலில் அம்முகவரி இல்லை, எனவே மறுமுனை அதைப் போலி என்று ஐயுறுகிறது. மேகக்கணிக்கு மாறினாலும் இக்கோளாறு உடன்வரக்கூடும். ஒன்றிய அரசின் ஏறத்தாழ 12 லட்சம் ஊழியரின் மின்னஞ்சல், தமிழ்நாட்டில் வேரூன்றிய சோஹோவின் தளத்துக்கு மாறியதாக 2025-இல் செய்திகள் வந்தபோது எழுந்த பாராட்டுகளிலும் ஐயங்களிலும், தங்கள் டொமைன் பதிவை யார் படித்துப் பார்ப்பது என்ற கேள்வி காதில் விழவில்லை. மேலும், பெருவழங்குநர் 250 சொல்லி ஏற்றபின் மடலை உட்பெட்டியில் இடுவதா ஸ்பேமில் இடுவதா என்பதைத் தம் கணிப்பால் தீர்மானிக்கிறார். கட்டணம் செலுத்தும் நிறுவனத்தின் நிர்வாகிக்குப் பதிவுகளைத் தேடும் வசதி ஓரளவு உண்டு, இலவசக் கணக்கு வைத்திருப்பவருக்கு அதுவும் இல்லை. காரணம் தெரியாமற்போவதற்கு மருந்தாகச் சொல்லப்பட்டது, காரணம் தெரியும் வாய்ப்பைக் குறைக்கும் ஏற்பாடாகிவிடுகிறது.

இதையெல்லாம் கவனிக்க ஆள் இல்லை என்ற வாதம் காரைக்காலுக்குப் பொருந்தவே பொருந்தாது. 2010-இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி தேசியத் தொழில்நுட்பக் கழகம் இங்கே இயங்குகிறது. திருவேட்டக்குடியில் உள்ள அதன் வளாகத்தில் கணினிப் பொறியியல் கற்பிக்கப்படுகிறது. 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். இணையத்தைப் பொதுமக்களுக்குத் திறந்தபோது மாணவர் கணக்குகள் யுனிக்ஸ் கணினியின் வெறும் எழுத்துத்திரையாகவே இருந்தன; பைன் நிரலில் மடல் படித்த அத்தலைமுறைக்கு இதெல்லாம் அன்றாடம். மின்னஞ்சலைக் கண்டுபிடித்தவர் தமிழரா இல்லையா என்ற வழக்கில் தமிழ் ஊடகங்கள் காட்டிய ஊக்கத்தில் நூற்றிலொரு பங்கு, மின்னஞ்சலின் பதிவேட்டைப் படிக்கக் கற்பிப்பதில் காட்டப்பட்டிருந்தால் இக்கட்டுரைக்குத் தேவை எழுந்திராது.

செய்யவேண்டியவை பெரியவை அல்ல. புரோக்மெயிலின் பராமரிப்பாளரே 2014-இல், அது பாதுகாப்பானதன்று, கைவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். அதன் இடத்தில் சீவ் என்னும் வடிகட்டி மொழியை டவ்காட் சர்வரோடு சேர்த்து வைத்தால், தலைப்பின் குறிமாற்றம் அவிழ்க்கப்பட்ட பிறகே விதி ஒப்பிடப்படுவதால், ‘விண்ணப்பம்’ என்று தமிழிலேயே எழுதிய விதி பொருந்தும். அழிக்கும் விதிகளை எல்லாம் ஒதுக்கிவைக்கும் விதிகளாக மாற்றலாம். இவற்றைவிட முதன்மையானது பதிவேட்டின் ஆயுள். லினக்ஸ் நிறுவல்களின் வழக்கமான அமைப்பில், மின்னஞ்சல் பதிவேடு வாரம் ஒருமுறை மாற்றப்பட்டு, நான்கு பழைய பிரதிகள் மட்டுமே வைக்கப்படுகின்றன. இரண்டு மாதத்துக்கு முந்தைய மடலைப் பற்றிய புகார் வரும்போது சான்று ஏற்கெனவே அழிந்திருக்கும், மாயம் என்ற சொல்லுக்கு அதுவே இடம்கொடுக்கிறது. இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவாகிய செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த ஆணையில், அரசு அமைப்புகளும் நிறுவனங்களும் தம் கணினிகளின் பதிவேடுகளை 180 நாள்களுக்குப் பாதுகாத்தே ஆகவேண்டும் என்று விதித்துள்ளது. பதிவேடுகளை மாற்றும் நிரலாகிய லாக்ரொடேட்டின் கோப்பில் 4 என்று இருக்கும் எண்ணை 26 ஆக்கினால், மின்னஞ்சல் பதிவேட்டைப் பொறுத்தவரை அந்த 180 நாள் நிபந்தனை நிறைவேறிவிடும்; மின்னஞ்சல் சர்வர் வைத்திருக்கும் ஒவ்வொரு நிறுவனத்தின் நிர்வாகியும் இன்றே அதைத் திருத்தவேண்டும்.